தறியோசையும் தலைக்குள் ஓசையும்

ஆரணிப் பட்டை அறியாதார் இல்லை. அந்தப் பட்டு பிறக்கும் தெருக்களிலே விடியற்பொழுதில் நடந்து பார்த்தவர்க்கு இன்னொன்றும் தெரியும். அங்கே கோழி கூவுவதற்கு முன்பே தறி பேசத் தொடங்கிவிடும். குழியிலே கால் மிதிக்க, நாடா இப்புறமிருந்து அப்புறம் பாய, அச்சு வந்து ஊடையை அடிக்க, தடக் தடக் என்று எழும் ஓசை வீட்டுக்கு வீடு தொடரும். வெளியூர் விருந்தாளிக்கு முதல்நாள் தலைவலி வரும். நெசவாளி வீட்டுக் குழந்தையோ அந்த ஓசையையே தாலாட்டாகக் கொண்டு உறங்கும்.

தறியில் அமர்ந்திருப்பவரைக் கேளுங்கள்: "இந்த இரைச்சலில் எப்படி ஐயா இருக்கிறீர்கள்?" "எந்த இரைச்சல்?" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஓசையைக் கேட்பதை அவர் விட்டு நெடுநாளாயிற்று. ஆனால் ஆயிரம் தட்டுக்கு நடுவே ஒரே ஒரு தட்டு ஓசை மாறி விழட்டும்! பேச்சு பாதியில் நிற்கும்; கை நிற்கும்; கண் பாவின் மீது பாயும். கேளாத காது எப்படிக் கேட்டது? ஆயிரம் தட்டை அடக்கி வைத்து, ஆயிரத்து ஒன்றாவது தட்டை மட்டும் அறிவித்த காவலன் யார்?

மூளைதான் அந்தக் காவலன். வந்த ஓசையை வா என்பதும், பழகிய ஓசையைப் போ என்பதும், தன் ஓசை எது, பிறர் ஓசை எது என்று பிரித்துச் சொல்வதும் அவன் வேலை. அந்தக் காவல் தவறினால் என்ன நேரும்? அதை அறிய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. எந்த ஊரிலும் ஒரு வீட்டுத் திண்ணையில் அப்படியொரு பிள்ளை இருப்பான். இருபது வயது இருக்கும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன், அல்லது நன்றாக நெய்துகொண்டிருந்தவன். ஒருநாள், "என்னைப் பற்றிப் பேசுகிறார்கள்" என்றான். "யார்?" என்று தாய் கேட்டாள். அங்கே எவருமில்லை. நாளடைவில் உண்பதையும் குளிப்பதையும் விட்டான். தனக்குத் தானே பேசினான், சிரித்தான், சினந்தான். ஊர் கூடித் தீர்ப்பு வழங்கிற்று: "காற்று பிடித்துவிட்டது. பூசாரியிடம் கொண்டு போங்கள்!"

பிறகு நடப்பதை நான் விரித்துரைக்க வேண்டுமா? உடுக்கை அடிப்பர், வேப்பிலை வீசுவர், எலுமிச்சம்பழம் அறுப்பர், மிளகாய்ப் புகை போடுவர், பிரம்பும் எடுப்பர். "அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவ மாட்டார்" என்று பழமொழி வேறு கைவசம் உண்டு. அடிபடுவது பேய் என்று அடிப்பவன் நம்புகிறான். முதுகு மட்டும் அந்தப் பிள்ளையுடையது.

ஆரணிக்கு மேற்கே, ஜவ்வாது மலையடிவாரத்தில் படவேடு இருக்கிறது. படைவீடு என்பதே படவேடு ஆயிற்று என்பர். 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்கள் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஊர். விஜயநகரத்துக் குமார கம்பணன் படை நடத்தி வந்து வீழ்த்திய ஆட்சி அவர்களுடையது. இன்று அந்த அரசை நினைப்பார் சிலர். ரேணுகாம்பாளை நினைப்பாரோ பல்லாயிரவர். ஆடி மாதத்தில் அங்கே கூடும் கூட்டத்தைச் சொல்லி முடியாது. அங்கே வணங்கப்படுவது ஒரு தாயின் தலை. அந்தத் தலை உடலினின்று நீங்கியது எப்படி என்று புராணத்தைக் கேட்டால் அது கூசாமல் சொல்லும். ஜமதக்கினி முனிவர் தம் மனைவி ரேணுகையின் மீது ஐயுற்றார், "வெட்டு!" என்று மகன் பரசுராமனுக்குக் கட்டளையிட்டார், மகன் வெட்டினான். தந்தை சொல் தட்டாத தனயன் என்று அவனைப் புகழ்ந்து வைத்தனர்.

இக்கதையை நான் இழுத்தது வம்புக்காக அன்று. "வெட்டு, குதி, ஓடு" என்று கட்டளையிடும் குரல்களை மனச்சிதைவு நோயாளிகளில் சிலர் கேட்கிறார்கள். அவர்களிலும் பலர் அக்குரலுக்குப் பணிவதில்லை. எவரையும் துன்புறுத்தாமல், தாமே துன்புற்று, காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்குகிறார்கள். கட்டளைக்குப் பணிந்து தாயை வெட்டியவனுக்குப் புராணத்தில் புகழ். பணியாமல் தவிப்பவனுக்கு நம் ஊரில் சங்கிலி! இந்த நியாயம் எவ்வூர் நியாயம்?

பூசாரியின் விடை தெரிந்ததே. நம்மவரிலும் சிலர் அவசரமாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள். "பேயாவது பிசாசாவது! எல்லாம் நடிப்பு, வேலைக்குப் பயந்த சோம்பல்" என்பது அந்த விடை. பேய் இல்லை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், பேய் இல்லாததால் குரலும் இல்லை என்று முடிவு கட்டுவது பகுத்தறிவாகாது. நூறாண்டுக்கு மேலாக விஞ்ஞானிகள் அந்தக் குரலின் சுவட்டைத் தேடி நடந்த வழியைப் பார்த்தால் இது விளங்கும்.

மூளையில் மின்னோட்டம் உண்டு என்பதை 1875இல் லிவர்பூல் நகர மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன் கண்டார். முயல், குரங்கு ஆகியவற்றின் மூளைமீது கம்பி வைத்து அளந்தார். மனிதனின் மூளை மின்னலையை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனி நாட்டு ஹான்ஸ் பெர்கர். அவர் கதை சுவையானது. 1890களின் தொடக்கத்தில், படைப் பயிற்சியின்போது அவர் குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, பீரங்கி வண்டியின் முன் விழுந்து, மயிரிழையில் தப்பினார். அன்றே வீட்டிலிருந்து தந்தி வந்தது. அவருக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததாக அவருடைய தமக்கையின் மனத்தில் பட்டதாம்! ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்கு ஏதோ சக்தி பாய்கிறது என்று இளைஞர் நம்பினார். அதை அளந்தே தீருவது என்று மருத்துவம் படிக்கப் புகுந்தார்.

தேடியது கிடைக்கவில்லை. கிடையாததொன்று எப்படிக் கிடைக்கும்? ஆனால் தேடிய நேர்மை வீண்போகவில்லை. யேனா நகரில், 1924ஆம் ஆண்டு, உயிருள்ள மனிதனின் மூளையிலிருந்து மெல்லிய மின்னலைகள் எழுவதைப் பதிவு செய்தார். ஐந்தாண்டு தம்மையே ஐயுற்று, திரும்பத் திரும்பச் சோதித்து, 1929இல்தான் வெளியிட்டார். அறிஞர் உலகம் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் தங்கள் கருவியில் அதையே கண்ட பிறகுதான் நம்பிற்று. தமக்கையின் தந்தியை வைத்து ஒரு மடமே கட்டியிருக்கலாம் பெர்கர்; அவர் கட்டியது ஒரு கருவியை. நம் நாட்டில் என்றால் எது நடந்திருக்கும் என்பதைத் தோழர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

அலை கிடைத்துவிட்டது, ஓசைக்கு அது என்ன மறுமொழி சொல்கிறது? 1939இல் பாலின் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, விழித்திருப்பவரின் காதில் ஓசை விழுந்ததும் மூளையலையில் ஒரு சிறு அசைவு எழுவதைக் காட்டினார். ஆனால் அந்த அசைவு மிகச் சிறியது. ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறாக்கி, அதில் ஒரு சில கூறு எடுத்தால் எவ்வளவோ அவ்வளவு. மூளையின் ஓயாத இரைச்சலோ அதைப்போல் பல மடங்கு. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் முனகலைக் கேட்பது எப்படி?

இலண்டனில் ஜார்ஜ் டாசன் 1950களின் தொடக்கத்தில் வழி கண்டார். ஒரே ஓசையை நூறு முறை ஒலிக்கச் செய். நூறு முறையும் பதிந்த அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடு. ஓசைக்கான மறுமொழி ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எழுவதால் அது நிற்கும். மற்ற இரைச்சல் ஏறியும் இறங்கியும் தன்னைத் தானே தின்று பத்தில் ஒரு பங்காகக் குறையும். பின்னர் கணிப்பொறி வந்து இந்த வேலையை எளிதாக்கிற்று.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால், கனடா நாட்டு மாண்ட்ரீல் நகரில், வைல்டர் பென்ஃபீல்டு என்னும் மூளை அறுவை மருத்துவர் வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை செய்துகொண்டிருந்தார். நோயாளி விழித்திருப்பார், மண்டை ஓடு திறந்திருக்கும், மூளைக்கு வலி தெரியாது. காதின் அருகே பொட்டுப்புறத்து மூளையில் மெல்லிய மின்சாரக் கம்பியால் தொட்டதும் சிலர், "பாட்டுக் கேட்கிறதே!" என்றனர். சிலர் தெரிந்தவரின் குரல் கேட்பதாகக் கூறினர். அறையில் பாடியவர் இல்லை, பேசியவர் இல்லை. கம்பியை எடுத்ததும் குரல் நின்றது. எந்த மந்திரவாதியும் இப்படிக் குரலை வரவழைத்து, உடனே போக்கிக் காட்டியதில்லை.

அந்த பென்ஃபீல்டிடம் பயின்றவர்களில் ஒருவர் டாக்டர் ஜேகப் சாண்டி. அவர் நாடு திரும்பி, 1949இல், இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். எங்கே? டில்லியிலா, பம்பாயிலா? படவேட்டிலிருந்து வடக்கே ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்! காய்ச்சலென்றால் வேலூருக்கு விரைகிறது நம் மக்கள் கூட்டம். மகன் குரல் கேட்கிறது என்றால் மட்டும் உடுக்கையைத் தேடுகிறது.

இனி நோயைப் பற்றி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரெப்லின் என்னும் ஜெர்மன் மருத்துவர் இதனை, இளமையிலேயே வந்து அறிவை அழிக்கும் நோய் என்று வகுத்தார். 1908இல் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர் அப்பெயரை மறுத்து, ஸ்கிசோப்ரெனியா என்று பெயரிட்டார். அறிவு அழிவதில்லை, எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றின் இணைப்புச் சிதறுகிறது என்பது அவர் கருத்து. தமிழில் மனச்சிதைவு என்கிறோம். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவருக்கு இது உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சாதி பார்த்து வருவதில்லை, மதம் பார்த்து விலகுவதில்லை.

1965இல் சாமுவேல் சட்டனும் உடன் உழைத்தோரும் ஒரு புதிய அலையைக் கண்டு வெளியிட்டனர். வருவது இன்னதென்று முன்கூட்டித் தெரியாத நிலையில் ஓசை வந்து சேர்ந்தால், நொடியை ஆயிரம் கூறாக்கி அதில் ஏறத்தாழ 300ஆவது கூறில், மூளையில் ஒரு பெரிய அலை எழுகிறது. அதனால் அதற்கு பி-300 என்று பெயர். அக்குழுவில் ஒருவரான ஜோசப் ஜூபின் மனச்சிதைவை ஆராய்ந்தவர். ஏழாண்டு கழித்து, 1972இல், ராத், கேனன் என்னும் இருவர் மனச்சிதைவு உற்றோரிடம் அந்த அலை குன்றியிருப்பதைக் காட்டினர். பின்னர் பல நாடுகளில் பலர் சோதித்தும் அதே முடிவு வந்தது. மனநோய் மருத்துவத்தில் இவ்வளவு உறுதியாக மீண்டும் மீண்டும் கிடைத்த கண்டுபிடிப்புகள் மிகச் சிலவே.

கதவின் பழுதை இன்னும் அண்மையில் காட்டியது வேறொரு சோதனை. டென்வர் நகரில் ஆட்லர், ஃப்ரீட்மன் ஆகியோர் 1982இல் செய்தது. 'டக்' என்று ஓர் ஓசை. அரை நொடி கழித்து மீண்டும் 'டக்'. நலமுள்ளவரின் மூளை முதல் ஓசைக்கு நன்றாக எழுகிறது. இரண்டாவதற்கு, 'இதைத்தான் கேட்டாயிற்றே' என்று அடங்குகிறது. மனச்சிதைவு உற்ற பலரின் மூளை இரண்டாவதற்கும் முதலோசைக்கு எழுந்ததுபோலவே எழுகிறது. தறியோசையைப் போ என்று சொல்லத் தெரியாத மூளை! தெருவில் போகும் வண்டி, அடுக்களையில் விழும் கரண்டி, அடுத்த வீட்டுச் சிரிப்பு, எல்லாம் ஒரே உரிமையோடு உள்ளே நுழைந்தால் மனிதன் என்ன ஆவான்? 'எல்லாரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள்' என்று அவன் எண்ணுவதில் வியப்பென்ன?

ஆயிரத்து ஒன்றாவது தட்டை அறிவிக்கும் காவலனையும் அளந்துவிட்டனர். பின்லாந்து நாட்டு ரிஸ்டோ நாட்டானென் 1978இல் கண்ட அலை அது. ஆளைப் புத்தகம் படிக்கச் சொல்லிவிட்டு, காதில் ஒரே ஓசையைத் தொடர்ந்து ஒலிக்கச் செய்வர். இடையிடையே சற்று நீண்ட ஓசை ஒன்று வரும். ஆள் கவனிப்பதே இல்லை. மூளை மட்டும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் அலை எழுப்பும். நெசவாளியின் கை ஏன் நின்றது என்பதற்கு இதுவே விடை. 1991 முதல் வெளிவந்த ஆய்வுகளில் மனச்சிதைவு உற்றோரிடம் இவ்வலையும் தாழ்ந்திருந்தது. ஆக, ஒரே காவலன் இரு வகையில் தவறுகிறான். தள்ள வேண்டியதைத் தள்ளவில்லை. அறிவிக்க வேண்டியதை அறிவிக்கவில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். 1961இல் டில்லியில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் சில யோகிகளின் தலையில் இதே கம்பிகளை வைத்துப் பார்த்தனர். ஆழ்ந்த நிலையில் இருக்கையில் பெருத்த ஓசை எழுப்பியும் அவர்களின் மூளையலை கலையவில்லை என்று எழுதினர். இதைக் காட்டி, "பார், சமாதியை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது!" என்று முழங்குவோர் உண்டு. விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது, பயிற்சியால் கவனத்தை அடக்கலாம் என்பதை. நம் நெசவாளி, காவியுடுத்தாமல், கை நிறைய வேலை செய்துகொண்டே, நாள்தோறும் அடக்குகிறார்.

கூரைக்குக் கீழே எவருமில்லை என்றால் குரல் யாருடையது? இதற்கு வருவோம். நாம் பேசும்போது நம் குரல் நம் காதிலும் விழுகிறது. ஆயினும் நாம் திடுக்கிடுவதில்லை. ஏன்? 'இப்போது நான் பேசப் போகிறேன்' என்று பேச்சு மூளை கேட்கும் மூளைக்கு முன்னறிவிப்பு அனுப்பிவிடுகிறது. சுவர்க்கோழிக்குக்கூட இந்த ஏற்பாடு உண்டு. இரவெல்லாம் கத்தும் அப்பூச்சி தன் கத்தலால் தானே செவிடாகாதபடி, கத்தும் கணத்தில் அதன் செவி நரம்பை அடக்கும் நரம்பணு ஒன்று இருப்பதை 2006இல் கண்டுபிடித்தனர். மனிதரிடமும் அப்படியே, பேசும்போது தன் குரலுக்கான மூளையலை குன்றுகிறது. 2001 முதல் ஜூடித் ஃபோர்டு என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் செய்த சோதனைகளில், மனச்சிதைவு உற்றோரிடம் இந்தக் குன்றுதல் போதிய அளவு நிகழவில்லை. முன்னறிவிப்பு வந்து சேரவில்லை. நாம் எல்லாரும் மனத்துக்குள் பேசிக்கொள்கிறோம். 'நாளைக்குப் பணம் கட்ட வேண்டுமே', 'அவன் என்ன நினைத்தானோ' என்று. அந்த உட்பேச்சு 'என்னுடையது' என்னும் முத்திரையின்றிச் செவியை அடைந்தால், அது பிறர் குரலாகத்தானே கேட்கும்? இது இன்னும் முற்ற முடிந்த முடிபன்று. ஆயினும் இதுவரை கிடைத்தவற்றுள் வலுவான விளக்கங்களில் ஒன்று.

'நடிப்பு' என்று சொல்லும் தோழர்க்கு இரண்டு செய்திகள். 1999இல் டியர்க்ஸ் என்பாரும் பிறரும் குரல் கேட்கும் நோயாளிகளின் மூளையைப் படமெடுத்தனர். குரல் கேட்கும் அந்த நேரத்தில், வெளியோசை வந்தால் எழும் அதே செவிப்பகுதி எழுந்திருந்தது. 2007இல் ஹூபிள் குழுவினர் மின்னலையை அளந்தனர். உட்குரல் ஒலிக்கும் வேளையில் வெளியோசைக்கான மறுமொழி தாழ்ந்தது. செவி மூளை ஏற்கெனவே வேலையாயிருக்கிறது! "பத்து முறை கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை, திமிர்" என்று தந்தை அடித்தாரே, அந்தப் பிள்ளைக்குத் திமிரில்லை. அவன் காதில் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தார்.

சரி, அந்த வேறொருவர் என்ன பேசினார்? நோய் மூளையுடையது, பேச்சோ ஊருடையது. மானிடவியலார் தான்யா லூர்மன், சென்னை மருத்துவர் பத்மாவதி முதலியோருடன் சேர்ந்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்கா, கானா நாட்டு அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் குரல் கேட்போர் இருபதின்மரை வினவினர். அமெரிக்கரில் பலருக்குக் குரல்கள் கொலையும் போரும் பேசின. அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர்க்குப் பேசியவர்கள் உறவினர்! வீட்டு வேலையைச் செய் என்று ஏவினர், ஏசவும் செய்தனர். எல்லா இடத்தும் ஒரே நோய். குரலுக்கு உடை தைத்துக் கொடுத்தது மட்டும் அந்தந்தச் சமுதாயம். கடவுள் எல்லார்க்கும் பொதுவாயின், சென்னையில் அவர் மாமியாராக வந்து வேலை ஏவுவானேன்?

இவ்வளவையும் எழுதிய பின் ஒன்றை மறைத்தால் நான் பூசாரியின் தம்பியாவேன். இந்த அலைகளைக் கொண்டு 'இவருக்கு மனச்சிதைவு' என்று ஒரு தனி ஆளைத் தீர்மானிக்க இன்றும் முடியாது. பி-300 முதியோரின் மறதி நோயிலும் குன்றும். குடி நோயிலும் குன்றும். நோயற்ற உடன்பிறந்தார் சிலரிடமும் ஓரளவு குன்றியிருக்கும். இரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதுபோல் தலையில் கம்பி வைத்து நோய் சொல்கிறேன் என்று எவரேனும் பலகை மாட்டினால், அவரும் ஒருவகைக் குறிகாரரே. உரிய மருத்துவர் உட்கார்ந்து கேட்டு, பார்த்து, குடும்பத்தாரை வினவியே முடிவு செய்வார்.

மருந்து இருக்கிறது. 1952இல் பாரிசில் டெலே, டெனிக்கர் என்னும் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தால் இக்குரல்கள் தணியக் கண்டனர். அதன் வழியில் வந்த மருந்துகள் இன்று அரசு மருத்துவமனைகளில் கிடைக்கின்றன. சென்னையில் 1794இலேயே மனநோயாளர்க்கென ஒரு விடுதி இருந்தது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அதனை 1961 முதல் தலைமையேற்று நடத்திய டாக்டர் சாரதா மேனன், அடைத்து வைக்கும் இடத்தை ஆளாக்கி அனுப்பும் இடமாக மாற்ற உழைத்தார். 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தையும் தொடங்கினார். 1981, 82ஆம் ஆண்டுகளில் நோய் தொடங்கிய 90 பேரைச் சென்னை மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு உலகறிந்தது. 'வந்தால் வாழ்வே போயிற்று' என்னும் எண்ணத்தைத் தகர்த்ததில் அதற்குப் பங்குண்டு.

கோயிலிலும் குணமாகிறதே என்பார்க்கு என்ன சொல்வது? உண்மையைச் சொல்வோம். வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் தமிழ்நாட்டுச் சிற்றூரின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளரைப் பெங்களூர் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் இரகுராம் முதலியோர் ஆராய்ந்து 2002இல் எழுதினர். மருந்தின்றியே அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்தன. பக்தர்கள் துள்ள வேண்டாம்; மேலும் படிக்கட்டும். அங்கே பேயோட்டவில்லை, பிரம்பில்லை, சங்கிலியில்லை. வீட்டார் ஒருவர் உடன் தங்கினார். பெருக்குவதும் செடிக்கு நீர் ஊற்றுவதுமாகச் சிறு வேலைகள் இருந்தன. எவரும் ஏசவில்லை. ஒப்பிட வேறொரு குழு வைத்துப் பார்க்கவில்லையாதலால் இதை அளவுக்கு மீறி நீட்டுவதும் தவறு. ஆயினும் எனக்குத் தோன்றுவது இது: ஓசையை அடக்கத் தெரியாத மூளைக்கு ஓசை குறைந்த இடமும் ஏசாத சுற்றமும் மருந்துக்குத் துணை. கூரையில் கோபுரம் இருக்க வேண்டியதில்லை.

அதே தமிழ்நாட்டில், அந்த ஆய்வு வெளிவருவதற்கு முந்திய ஆண்டில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நடந்தது நெஞ்சைவிட்டு அகலாது. குணம் வேண்டிக் கொண்டுவந்து விடப்பட்டோர் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றிற்று. 28 பேர் இறந்தனர். ஓடக் கால் இருந்தது. காலில் சங்கிலி இருந்தது. தலைக்குள் ஒலித்த குரல்களையெல்லாம் மீறி, அன்று அவர்கள் எழுப்பிய குரலை நாடு கேட்டது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று தடுத்தது; 2018இல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆடி மாதம் ஆண்டுதோறும் வருகிறது. படவேட்டுக்கோ வேறெந்தத் திருவிழாவுக்கோ துண்டறிக்கையோடு போகும் தோழர்கள், உடுக்கைக்கு முன் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பிள்ளையைக் கண்டால், கூட்டத்தை நோக்கி முழங்குவதற்கு முன் அவன் தாயிடம் மெதுவாகப் பேசட்டும். பேய் உண்டா இல்லையா என்னும் வாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வேலூருக்கும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் பேருந்து உண்டு. 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் அரசின் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். அந்தப் பிள்ளையிடம் பேசும்போது உரத்துப் பேச வேண்டாம். ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசினால் போதும். அவன் காதில் ஏற்கெனவே பலர் பேசிக்கொண்டிருக்கக்கூடும்.